பள்ளிக்குள் விசாரணை வேண்டாம்: மதுரை மாவட்டத் தலைமையாசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், தனியார் பள்ளித் தாளாளர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்களுக்கும் வணக்கம்.

மாநகராட்சிப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. என்று எதுவாக இருந்தாலும், மேலூரிலிருந்து பேரையூர் வரை, ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையைப் பற்றி "எனக்கு இப்படி நடந்துச்சு" என்று வாய் திறந்த பிறகு பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் காரியங்கள் நடக்கின்றன. வகுப்பாசிரியை எச்.எம்.மிடம் போகிறார். எச்.எம். இரண்டு மூத்த ஆசிரியர்களைக் கூப்பிடுகிறார். பிள்ளையை அறைக்கு வரவழைத்து எல்லார் முன்னாலும் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். வெள்ளைத்தாளில் எழுதி வாங்குகிறார்கள். பிறகு சம்பந்தப்பட்டவரை அழைத்து, "என்ன சார், இந்தப் புள்ள இப்படிச் சொல்லுது?" என்று கேட்கிறார்கள். சாயங்காலம் பெற்றோர் வருகிறார்கள். "பொம்பளப் புள்ள, பேரு கெட்டுப்போகும், பேசி முடிச்சுக்குவோம்" என்று யாராவது ஒருவர் ஆரம்பிக்கிறார். இருட்டுவதற்குள் விஷயம் ஊர் மந்தைக்கு, அதாவது ஊர்ப் பஞ்சாயத்துக்கு, போய்விடுகிறது. பிள்ளை பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுகிறது.

இதில் பலர் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். உண்மை தெரியாமல் ஒருவர் மேல் எப்படிப் புகார் கொடுப்பது என்ற தயக்கம் நியாயமானதுபோலத் தோன்றும். ஆனாலும் உங்களிடம் நாங்கள் அழுத்தமாகக் கேட்பது இதைத்தான்: அந்த விசாரணையைச் செய்யாதீர்கள். பிள்ளை சொல்வதைக் கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், காவல்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், பிள்ளையைப் பத்திரமாக வைத்திருங்கள். உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்கும் வேலையைச் சட்டம் உங்களிடம் கொடுக்கவே இல்லை.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 19ஆவது பிரிவு, குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தாலோ, நடக்கலாம் என்று அஞ்சக் காரணம் இருந்தாலோ, எந்த நபரும் சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தரவேண்டும் என்கிறது. "எந்த நபரும்" என்பதில் வகுப்பாசிரியை, ஆயா, வாட்ச்மேன், பஸ் டிரைவர் எல்லாரும் அடக்கம். எச்.எம்.மிடம் சொல்லிவிட்டால் ஆசிரியையின் கடமை தீர்ந்துவிடாது. அதேபோல எச்.எம். முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கடிதம் அனுப்பிவிட்டால் 19ஆவது பிரிவு நிறைவேறிவிடாது. துறைக்குத் தெரிவிப்பது வேறு, காவல்துறைக்குத் தெரிவிப்பது வேறு. இரண்டாவதைச் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

பள்ளிக்கு 24 மணி நேர அவகாசம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த 24 மணி நேரம் காவல்துறைக்குச் சொல்லப்பட்டது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அவர்கள் அறிக்கை தரவேண்டும். தகவல் சொல்பவருக்குச் சட்டம் எந்த அவகாசமும் தரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை தெரிந்ததைத் திங்கட்கிழமை வரை வைத்திருக்கக் கூடாது.

தகவல் சொல்லத் தவறினால் 21ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நிறுவனத்தின் பொறுப்பாளர், தனக்குக் கீழே பணிபுரிபவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரத்தில் ஒரு பள்ளி விடுதியில் சிறுமிகளுக்கு நடந்த கொடுமை தெரிந்தும் தகவல் தராத மருத்துவர் மீதான வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. மறுபக்கம், நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் எந்த வழக்கும் போட முடியாது என்று அதே 19ஆவது பிரிவு பாதுகாப்பும் தருகிறது. "பொய்ப் புகாரா இருந்தா நம்ம கதி என்ன?" என்ற பயத்துக்கு அங்கேயே பதில் இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு வேண்டுமென்றே பொய் சொல்லும் பெரியவருக்குத்தான் 22ஆவது பிரிவில் தண்டனை. குழந்தை சொன்னது பொய்யென்று ஆனாலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது.

இனி, பிள்ளை பேசத் தொடங்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு வருவோம். வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

பிள்ளை யாரிடம் சொல்லத் தொடங்கியதோ அவரே கேட்கட்டும். இன்னொருவரிடம் அனுப்பவேண்டாம். நாலு பேர் பார்வையில் படாத, ஆனால் கதவு திறந்திருக்கும் இடமாக இருக்கட்டும். "என்ன நடந்துச்சு, தாயி?" என்று ஆரம்பிக்கலாம். பிறகு "அப்புறம்?" என்பது போதும். "அந்த சார் உன்ன இங்க தொட்டாரா?" என்று நீங்களே பெயரையும் இடத்தையும் எடுத்துக் கொடுத்தால், பின்னால் குறுக்கு விசாரணையில் "டீச்சர் சொல்லிக்கொடுத்ததைத்தான் குழந்தை சொல்கிறது" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். "ஏன் அன்னிக்கே சொல்லல?", "ஏன் அங்க தனியாப் போன?" என்று கேட்கவே கூடாது. "ஏன்" என்ற கேள்வி எந்தக் குரலில் வந்தாலும் பிள்ளைக்குத் திட்டாகத்தான் கேட்கும். அடுத்த நொடியே வாயை மூடிக்கொள்ளும்.

யார், என்ன, எங்கே, ஏறக்குறைய எப்போது, இப்போது பத்திரமாக இருக்கிறதா. இந்த அளவு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மீதியைக் காவல் அதிகாரியும், அவருக்குப் பின் நீதித்துறை நடுவரும் கேட்பார்கள். பள்ளியில் மூன்று முறை, நிலையத்தில் ஒரு முறை, நடுவரிடம் ஒரு முறை, நீதிமன்றத்தில் ஒரு முறை என்று சொன்னால், ஆறிலும் சின்னச் சின்ன வேறுபாடு வரும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது இயல்பு. அந்த வேறுபாடுகளை வைத்துத்தான் எதிர்த்தரப்பு வழக்கையே சாய்க்கப் பார்க்கும்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உங்களால் காப்பாற்ற முடியாது, சட்டமும் விடாது. "நீ சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல ஒரு தப்பும் இல்ல. உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் இதச் சொல்லப் போறேன்" என்று சொல்லுங்கள்.

பிள்ளை வகுப்புக்குப் போன உடனே, அரை மணி நேரத்துக்குள், நீங்கள் ஒரு குறிப்பு எழுதவேண்டும். தேதி, நேரம், இடம், கேட்டவர் பெயர், நீங்கள் கேட்ட கேள்விகள், பிள்ளை சொன்ன பதில், கீழே கையெழுத்து. பிள்ளையின் வார்த்தையை அப்படியே எழுதுங்கள். "சாரு பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு கைய எடுக்கவே மாட்டேன்றாரு" என்று சொன்னால் அதையே எழுதவேண்டும். "ஆசிரியர் தகாத முறையில் நடந்துகொண்டதாக மாணவி தெரிவித்தார்" என்று எழுதினால் அந்தத் தாளால் பயன் குறைவு. தகாத முறை என்றால் என்ன, எந்தப் பிரிவில் வழக்கு வரும் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. பிள்ளை உடம்பின் பாகத்துக்குத் தான் வைத்திருக்கும் பெயரைச் சொன்னால் அந்தப் பெயரே இருக்கட்டும். திருத்தவேண்டாம்.

பிள்ளையை எழுதச் சொல்லாதீர்கள். போனில் வீடியோ எடுக்காதீர்கள். இது இரண்டு விதத்தில் ஆபத்து. எடுத்த வீடியோ எந்த வாட்ஸ்அப் குழுவில் போய் நிற்கும் என்று எடுத்தவருக்கே தெரியாது. அதைவிட, பிள்ளையின் பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம் என்று அடையாளம் தெரியும் எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது என்று 23ஆவது பிரிவு தடுக்கிறது. அடையாளத்தைக் காப்பது பள்ளியின் பெயரைக் காப்பதற்கான சாக்காகவும் ஆகிவிடக் கூடாது. காவல்துறைக்குத் தகவல் சொல்ல அந்தப் பிரிவு எந்தத் தடையும் போடவில்லை.

காவல்துறைக்குத் தெரிவிக்கும் முன் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். அவருக்குத் தெரிந்த நிமிடத்திலிருந்து போனில் இருக்கும் மெசேஜ்கள் அழிகின்றன. மற்றப் பிள்ளைகளிடம் "என்னப் பத்தி ஏதாவது கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லு" என்று பேச்சு போகிறது. பெற்றோர் வீட்டுக்கு ஆள் போகிறது. செய்யவேண்டியது, வேறு ஏதாவது நிர்வாகக் காரணம் சொல்லி அவரைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கி வைப்பதுதான். அன்றைய பாடவேளையை மாற்றினால் போதும்.

அதே நேரத்தில் பதிவேடுகளைப் பத்திரப்படுத்துங்கள். வருகைப் பதிவேடு, பதிலிப் பாடவேளைப் பதிவேடு, ஆய்வகச் சாவிப் பதிவேடு, கால அட்டவணை. சிசிடிவி இருந்தால் அன்றே பதிவை எடுத்துவிடவேண்டும். பெட்டியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் அளவைப் பொறுத்துச் சில நாட்களில் பழையது அழிந்து புதியது பதிவாகும். விசாரணை அதிகாரி பத்து நாள் கழித்துக் கேட்கும்போது திரையில் ஒன்றும் இருக்காது. பென்டிரைவில் எடுக்கும்போது திரையில் ஓடும் நேரமும் சரியான நேரமும் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று குறித்து, இரண்டு பேர் கையெழுத்திட்டு, பெட்டியையும் அப்படியே வைத்திருங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி இதற்குச் சான்று தரவேண்டியிருக்கும். பழைய சட்டத்தில் எல்லாரும் 65பி என்று சொல்லிவந்த சான்றுதான் அது.

எங்கே தகவல் சொல்வது? 1098 குழந்தைகள் உதவி எண் இரவு பகல் எப்போதும் எடுக்கும், கட்டணம் இல்லை. அவசரம் என்றால் 112. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், சமயநல்லூர் போன்ற இடங்களில் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. "சம்பவம் எங்க எல்லையில நடக்கல" என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றலாம். இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது மனு வந்ததற்கான ரசீது. போக்சோ தகவலுக்கு முதல் தகவல் அறிக்கை வேண்டும், அதன் நகல் தகவல் தந்தவருக்கு இலவசமாகத் தரப்படவேண்டும். தரவில்லை என்றால் எழுத்து மூலமாக மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகர எல்லை என்றால் காவல் ஆணையருக்கு அனுப்புங்கள். ஒரு நகல் குழந்தைகள் நலக் குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் போகட்டும். போனில் சொன்னாலும் பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

பெற்றோருக்கு உடனே சொல்லவேண்டும். அவர்களுடைய சம்மதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றலாம். அழுதுகொண்டு "வேணாம் சார், விட்ருங்க" என்று அம்மா கையெடுத்துக் கும்பிடும்போது தகவல் சொல்வது எவ்வளவு கடினம் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் சட்டம் பெற்றோரின் விருப்பத்தைக் கேட்கவில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. கடன்பட்டிருக்கும் பெற்றோரை, அதே ஊரில் அதே தெருவில் வாழவேண்டிய பெற்றோரை, மந்தையில் உட்காரவைத்துச் சம்மதிக்கவைப்பது சுலபம். திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போயிருக்கும் பெற்றோரின் பிள்ளை அப்பத்தா வீட்டில் இருந்தால் இன்னும் சுலபம். சந்தேகம் வீட்டில் இருப்பவர் மேலேயே என்றால், வீட்டுக்குச் சொல்லும் முன் 1098க்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சொல்லுங்கள். அன்று மாலை பிள்ளை எங்கே போகவேண்டும் என்பதை அந்தக் குழு முடிவு செய்யும்.

பேசி முடிப்பது பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர்மேல் வந்த வழக்கில், மாணவியின் தந்தையோடு சமரசம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தையே ரத்து செய்து, இப்படிப்பட்ட குற்றம் இரண்டு குடும்பத்துக்கு நடுவே தீர்த்துக்கொள்ளும் விஷயம் இல்லை என்றது. ஆகவே மந்தையில் எழுதி வாங்கும் தாளுக்கு மதிப்பு இல்லை. அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஆசிரியருக்குத்தான் சிக்கல்.

மூடி மறைத்தால் அடுத்து என்ன ஆகிறது? சம்பந்தப்பட்டவர் ராஜினாமா கடிதம் கொடுக்கிறார். பள்ளி "நன்னடத்தை" சான்று கொடுத்து அனுப்புகிறது. அரசுப் பள்ளி என்றால் வேறு வட்டாரத்துக்கு மாறுதல். புதிய பள்ளி காவல்துறைச் சரிபார்ப்பு கேட்டால் அதில் ஒன்றும் வராது, ஏனென்றால் வழக்கே பதிவாகவில்லை. அங்கே இன்னும் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள்.

எனவே ஆள் எடுக்கும்போது காவல்துறைச் சரிபார்ப்போடு நின்றுவிடக் கூடாது. 2020இன் போக்சோ விதிகள், குழந்தைகளோடு பழகும் எல்லாப் பணியாளரின் பின்னணியையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்கச் சொல்கின்றன. முந்தைய இரண்டு பள்ளிகளுக்கு எழுத்தில் ஒரே கேள்வி அனுப்புங்கள்: "இவர்மேல் குழந்தைகள் தொடர்பாக எழுத்திலோ வாய்மொழியாகவோ புகார் ஏதும் வந்ததா?" ஆம் அல்லது இல்லை என்று பதில் கேளுங்கள். "நல்லவர்" என்ற பதிலை ஏற்காதீர்கள். பொய்யாக "இல்லை" என்று கையெழுத்துப் போட எல்லாருக்கும் மனம் வராது. பதிலே வராமல் போனால் அதுவும் ஒரு தகவல்தான்.

நிரந்தரப் பணியாளரைவிடப் பகுதிநேரமாக வருபவர்களிடம்தான் ஓட்டை பெரிது. கராத்தே, சிலம்பம், யோகா, அபாகஸ், ஆண்டுவிழா நடனம். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். பயிற்சியாளர் என்று வந்தவருக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை. மாணவிகள் பள்ளி வளாகத்திலேயே இரவு தங்கினார்கள். விஷயம் தெரிந்தும் வெளியே சொல்லாததற்காகப் பள்ளித் தரப்பினரும் கைதானார்கள். என்.சி.சி. பட்டாலியன் அலுவலகத்துக்கு ஒரே ஒரு போன் செய்து "எங்கள் பள்ளியில் உங்கள் முகாம் நடக்கிறதா?" என்று கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வருபவர் நீட்டும் கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பேசாதீர்கள். அந்த அமைப்பின் எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள். இரவு தங்கும் முகாம் என்றால் பள்ளியின் பெண் ஆசிரியைகள் இரண்டு பேராவது அதே கட்டடத்தில் தங்கவேண்டும். வெளியாள் எவரும் மாணவர்கள் படுக்கும் பகுதிக்குள் போகக் கூடாது.

வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளையைக் கவனியுங்கள். அலங்காநல்லூர்ப் பக்கமோ டி.கல்லுப்பட்டிப் பக்கமோ போகும் வேன் கடைசி நிறுத்தத்துக்கு வரும்போது உள்ளே ஒரே பிள்ளையும் டிரைவரும் மட்டும் இருப்பார்கள். உதவியாளர் பாதி வழியில் தன் ஊரில் இறங்கிவிடுவார். கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகுதான் உதவியாளர் இறங்கலாம் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். காலையில் முதலில் ஏறும் பிள்ளைக்கும் இதே விதி. பெற்றோர் தனியாக ஏற்பாடு செய்யும் ஆட்டோக்களையும் பள்ளி கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. டிரைவர் பெயர், போன் எண், ஏறும் பிள்ளைகள் விவரம் ஒரு நோட்டில் இருக்கட்டும்.

புகார்ப் பெட்டிக்கு வருவோம். அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" பெட்டி இருக்கிறது, பல தனியார் பள்ளிகளிலும் பெட்டி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது எச்.எம். அறை வாசலில், சிசிடிவிக்கு நேர் கீழே மாட்டியிருக்கும். சாவி எச்.எம். மேசையில் இருக்கும். அந்தப் பெட்டியில் யார் போடுவார்கள்? பெட்டி கேமரா பார்க்காத, ஆனால் பிள்ளைகள் வழக்கமாகப் போய்வரும் இடத்தில் இருக்கவேண்டும். மாடிப்படித் திருப்பம் நல்ல இடம். பெட்டிக்குப் போவதற்கென்றே தனியாக நடக்கவேண்டிய மூலை கூடாது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் உயரம் வேண்டும், சுமார் மூன்று அடி. இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒன்று பள்ளியில், இன்னொன்று மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தாயிடம். வாரம் ஒரு நாள், அதே நாள், இருவரும் சேர்ந்து திறந்து, காலியாக இருந்தாலும் "தாள் இல்லை" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தொடர்ந்து எத்தனையோ வாரம் காலி என்றால் பள்ளியில் பிரச்சினை இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் பெட்டியை நம்பவில்லை என்றும் இருக்கலாம். எக்காரணம் கொண்டும் நோட்டு எல்லாவற்றையும் எடுத்துவைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டு "யார் போட்டது" என்று தேடாதீர்கள். ஒருமுறை அப்படித் தேடினால் அந்தப் பெட்டியைக் கழற்றிவிடலாம். பிறகு ஒரு பிள்ளையும் அதன் பக்கம் போகாது.

2021இல் அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்கவேண்டும். பல இடங்களில் பெயர்ப் பலகை இருக்கிறது, கூட்டம் நடப்பதில்லை. இந்தக் குழுவின் வேலையையும் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வந்த புகாரில் "முகாந்திரம் இருக்கிறதா" என்று பார்ப்பதற்கு இந்தக் குழுவைப் பயன்படுத்தக் கூடாது. பெட்டி, வேன், கழிப்பறை, ஸ்பெஷல் கிளாஸ் நேரம், வருகிறவர் போகிறவர் என்று முன்கூட்டியே ஓட்டைகளை அடைப்பதுதான் அதன் வேலை. கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருப்பதும், விளையாட்டுச் சாமான் அறையை உள்ளிருந்து பூட்ட முடிவதும், ஆறு மணிக்கு மேல் ஒரே ஆசிரியர் ஒரே மாணவிக்கு வகுப்பு எடுப்பதும் இந்தக் குழுவின் கண்ணில் படவேண்டிய விஷயங்கள்.

ஆண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பள்ளிகளில் இது பேச்சிலேயே வருவதில்லை. போக்சோ சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிரம்பாத யாரும். விடுதியில் சீனியர் செய்வதை "பசங்க விளையாட்டு" என்று தள்ளிவிடுகிறோம். பையன் வாய் திறக்கமாட்டான், திறந்தால் கேலி. அவன் திடீரென்று விடுதிக்குப் போகமாட்டேன் என்பதும், ராத்திரி படுக்கையை நனைப்பதும், ஒருவரின் பெயரைக் கேட்டாலே முகம் மாறுவதும்தான் வெளியே தெரியும். செய்தவனும் 18 வயதுக்கு உட்பட்டவன் என்றால் அவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் போவான். தகவல் சொல்லும் கடமை அப்போதும் மாறாது. இருவரில் யாருக்கும் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது தீர்வாகாது.

கையில் பிரம்போடு சுற்றும் பள்ளியில் எந்தப் பிள்ளையும் ஆசிரியரிடம் இதையெல்லாம் சொல்லாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடலை வருத்துவதையும் மனதை வதைப்பதையும் தடுக்கிறது. இதற்குமேல் அதை விளக்கத் தேவையில்லை என்று நம்புகிறோம்.

மருத்துவம் பற்றித் தெரிந்திருக்கவேண்டியது கொஞ்சம்தான், ஆனால் நேரம் முக்கியம். கடுமையான வன்கொடுமை நடந்து மூன்று நாட்களுக்குள் என்றால், கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அரசு இராஜாஜி மருத்துவமனையோ பக்கத்து அரசு மருத்துவமனையோ, முதல் தகவல் அறிக்கை கொண்டுவா என்று சிகிச்சையை நிறுத்திவைக்க முடியாது. தனியார் மருத்துவமனையும் இலவசமாக முதல் சிகிச்சை தரவேண்டும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்கவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகக் காகிதப் பையில் வைக்கவேண்டும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்கவேண்டும், நம்பிக்கையான ஒருவர் கூட இருக்கவேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது. அதை நிறுத்த மாநில அரசுக்கு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான்.

காவல்துறை வாக்குமூலம் வாங்க வரும்போது பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்கவேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல். எந்தப் பிள்ளையையும் இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இது 24ஆவது பிரிவு. யாராவது காக்கியில் ஜீப்போடு பள்ளி வாசலுக்கு வந்தால் இந்தப் பிரிவை மரியாதையாக எடுத்துச் சொல்ல எச்.எம்.முக்கு உரிமை உண்டு. வழக்கு முடியும் வரை கூட நிற்க ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். கேட்டால்தான் பல நேரம் கிடைக்கிறது, கேளுங்கள். இலவச வழக்கறிஞருக்கு மதுரை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

பள்ளி அலுவலகம் சார்ந்த ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. போக்சோ வழக்கில் வயதை நிரூபித்தாக வேண்டும். 2023 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், மாற்றுச் சான்றிதழையும் சேர்க்கைப் பதிவேட்டின் நகலையும் வைத்து வயதை நிரூபிக்க முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் குற்றவாளி என்ற தீர்ப்பை ரத்து செய்தது. சேர்க்கையின்போது "தேதி தெரியலையா, ஜூன் 1ன்னு போட்டுக்கலாம்" என்று போடும் பழக்கத்தின் விலை பத்து வருடம் கழித்துத் தெரியும். சேர்க்கும்போதே மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். இல்லாதவர்களுக்கு வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, பிள்ளை திரும்பப் பள்ளிக்கு வரும் நாள். சாட்சி சொல்லப் போகும் நாட்களுக்கு வருகைப் பதிவு குறையக் கூடாது. தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட், செய்முறை மதிப்பெண் எதிலும் தாமதம் வரக் கூடாது. ஆசிரியர் அறையில் அந்தப் பெயர் பேச்சில் அடிபடக் கூடாது. பக்கத்தில் உட்கார விரும்பும் தோழியை மாற்றாதீர்கள். சம்பந்தப்பட்ட ஆசிரியருக்கு ஆதரவாகச் சக ஆசிரியர்கள் கையெழுத்து வாங்கிச் சுற்றினால் அன்றே நிறுத்துங்கள். அந்தப் பிள்ளையை வேறு பள்ளிக்குப் போகச் சொல்லி ஜாடையாகக்கூடப் பேசாதீர்கள்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்த மடலை வாசிக்கக் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கூட்டத்திலேயே மூன்று தீர்மானம் எழுதுங்கள்: புகார் வந்தால் பள்ளிக்குள் விசாரணை நடத்துவதில்லை, யார் கேட்டாரோ அவரே அன்றே 1098க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்வார் (எச்.எம். தடுக்கமாட்டார்), பெட்டியின் இரண்டாவது சாவி இன்ன தாயிடம் இருக்கும். தீர்மானத்தின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தனியார் பள்ளிகள் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதையே செய்யலாம். பயிற்சி வேண்டும் என்று கேட்கும் பள்ளிக்கு, எந்த ஒன்றியமாக இருந்தாலும், கட்டணம் வாங்காமல் வந்து அரை நாள் ஆசிரியர்களோடு உட்காரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மதுரை மாவட்டத்தில் குழந்தைப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் வழக்கறிஞர்கள், மனநல ஆலோசகர்கள், சமூகப் பணியாளர்கள்